நிற்பதாக நம்பிய வண்டி

கோர்பின் டிரக்கின் பின்னிருக்கையைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு, உள்ளே தலையை விட்டுப் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவன் மாமனார் வெர்லின் எஸ்டெப் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்ன மாப்ள, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா?"

"ஒரு கம்பிதான் மாமா. ஒரே ஒரு கம்பி."

"கல்யாணத்தன்னைக்கு சர்ச் வாசல்ல உன் கார் நின்னுபோச்சே, அன்னைக்கும் இதத்தான் சொன்ன."

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின. கோர்பினின் மனைவி ட்வைலா சமையலறை ஜன்னலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கோர்பினைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாள் போகாது. கோர்பின் திருப்பிச் சொன்னதும் கிடையாது. இந்த இருவருக்கும் நடுவில் பேசாத பேச்சு நிறைய இருந்தது. அதைக் கலைத்துப் பார்க்க அவள் விரும்பியதில்லை.

அப்பாவின் மூக்கிலிருந்து கிளம்பிய குழாய் வாசற்படி தாண்டிக் கூடத்துக்குள் போய், அங்கே இரைந்துகொண்டிருந்த ஆக்சிஜன் எந்திரத்தில் முடிந்தது. குழாய் எட்டும் இடங்கள் மூன்றுதான்: படுக்கை, கழிப்பறை, வராந்தா. வெளியே போக உருளைகள் உண்டு. ஆனால் அவர் இழுக்கும் அளவுக்கு ஓர் உருளை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வரத்தான் காணும். சப்ளை செய்பவர்கள் அதையும் குறைத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒன்று. நாளைக்கு வழக்கு விசாரணை நடக்கும் சார்ல்ஸ்டனுக்குப் போகவோ மூன்று மணி நேரம்.

கோர்பின் ஓட்டுவது அவன் வேலை செய்யும் கம்பெனியின் டிரக். அதில் இன்வெர்ட்டரும், வீட்டில் இருப்பது போன்ற ஒரு பிளக்கும் வண்டியோடு சேர்ந்தே வந்தவை. கியரை பார்க்கில் போட்டு நிறுத்தியிருந்தால் நானூறு வாட் தரும். எந்திரத்துக்கு முந்நூற்றைம்பது போதும். ஆனால் சக்கரம் உருண்டதும் நூறு வாட்டாகச் சுருங்கிவிடும். செய்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாம். அதனால் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போவதென்றால் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரம் கட்டி, எந்திரத்தைப் போட்டு, அவர் உதட்டின் நீலம் போகும்வரை உட்கார்ந்திருந்து, மறுபடி கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். பக்கத்து ஊர் டாக்டருக்கு அது சரி. சார்ல்ஸ்டனுக்கு நடக்காது.

கோர்பின் வெளியே வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு சிவப்புக் கம்பித்துண்டு.

"வண்டி நிக்குதா ஓடுதான்னு இன்வெர்ட்டருக்குச் சொல்றது இந்தக் கம்பி. அத வெட்டி வேற கம்பியோட முறுக்கிட்டேன். இனிமே மலையிலருந்து உருண்டாக்கூட, நிக்கிறோம்னுதான் அது நெனைக்கும். முழுசா நானூறும் தரும்."

வெர்லின் கண்ணைச் சுருக்கி அந்தக் கம்பித்துண்டைப் பார்த்தார். பிறகு, "எந்திரத்துகிட்ட பொய் சொல்றது நம்ம ஊர்ல பழைய பழக்கம்" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று மூவருக்கும் தெரியும். சுரங்கத்துக்குள் தூசி அளக்க இடுப்பில் ஒரு சின்ன பம்ப் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். அதைச் சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்து மூடு என்பது ஃபோர்மேனின் உத்தரவு. தூக்குக்குள் ஏது தூசி? காற்று சுத்தம் என்று பம்ப் சொன்னது. ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பம்ப் இழுக்காத தூசியை ஆட்கள் இழுத்தார்கள். இப்போது வெர்லினின் நுரையீரல் கரி பிடித்துக் கல்லாகிவிட்டது. நஷ்டஈடு கேட்டபோது, சிகரெட்டால் வந்தது என்றது சுரங்கக் கம்பெனி. இரண்டு டாக்டர்கள் அதற்கு ஆமாம் போட்டார்கள், இரண்டு டாக்டர்கள் இல்லை என்றார்கள். ஆகவே நீதிபதி இவரை நேரில் பார்த்து, இவர் வார்த்தையை எடைபோட வேண்டியிருந்தது. அதற்குத்தான் சார்ல்ஸ்டன்.

"சுரங்கந்தான் இதச் செஞ்சுதுன்னு ஒரு ஜட்ஜ் எழுதணும்" என்பார் வெர்லின். "நான் போனப்பறம் உங்கம்மாவுக்கு மாசாமாசம் அந்தப் பணம் வந்துகிட்டிருக்கும். அதுவரைக்கும் மூச்சு விட்டாப் போதும்."

"மாமா" என்றான் கோர்பின், இருக்கையைத் திரும்ப மாட்டிக்கொண்டே. "இத வெளிய சொல்லிடாதீங்க. டேஷ் கேமரா ஒயரக் கழட்டினதுக்குப் போன மாசம் ஒருத்தன வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வண்டி ஒயர்ல கைய வச்சா அவ்வளவுதான்."

"நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்? இந்தக் குழாய் எட்டுற தூரத்துல உன் மாமியார் ஒருத்திதான் இருக்கா. அவளுக்குக் காது கேக்காது."

மறுநாள் காலையில் மழை தூறியது. வெர்லின் முன்னிருக்கையில், மடியில், வழியில் தின்ன ஒரு பொட்டலம் பெப்பரோனி ரோலோடு உட்கார்ந்தார். எந்திரம் பின்னால் ட்வைலாவின் காலடியில். கோர்பின் பிளக் பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. டிரக் நகர்ந்தது. எந்திரம் நிற்கவில்லை. பள்ளத்தாக்கின் வாயில் இருந்த கம்பெனியின் வண்டி யார்டைத் தாண்டியும் அது ஒரே சீராக இரைந்துகொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே மூவரும் வந்தார்கள். ஓடும் வண்டியில் அப்பாவின் உதடு சிவப்பாக இருப்பதை ட்வைலா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மலையிறக்கத்தில் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. முன்னால் கறுப்பு வண்டி, பின்னால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வரிசையாக மெல்ல ஊரும் கார்கள். கோர்பின் ஓரம் கட்டினான். தொப்பியைக் கழற்றினான். அங்கே எல்லோரும் செய்வதுதான்.

"இன்ஜின அணை" என்றார் வெர்லின்.

"அணைச்சா மெஷின் நின்னுடும் மாமா."

"பொணம் போகுது. அணைடா. கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சுக்கறேன்."

"உங்க பொணத்துக்கு அணைக்கிறேன். இப்ப சும்மா இருங்க."

ட்வைலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோர்பின் இப்படித் திருப்பிச் சொன்னதே இல்லை. வெர்லின் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. கடைசிக் கார் போகும்வரை தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

சார்ல்ஸ்டனில் அந்த அரசாங்கக் கட்டடத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தினார்கள். குழாயை எந்திரத்திலிருந்து பிடுங்கி, மிச்சமிருந்த ஒற்றை உருளையில் மாட்டினாள் ட்வைலா. பக்கத்தில் காரிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவன் ஓடிவந்து, வெர்லின் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டான். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. பேச்சில் மலை வாடை இன்னும் போகவில்லை.

"நல்ல வண்டி ஐயா. சனி ஞாயிறுக்கு நானும் இதேதான் வச்சிருக்கேன்."

"மாப்ள வண்டி" என்றார் வெர்லின். மூன்று மணி நேரம் நல்ல மூச்சு விட்ட தெம்பு அவருக்கு. "வீட்டுலருந்து இங்க வரைக்கும் அந்த மெஷின் ஒரு தடவகூட நிக்கல. உருளையத் தொடவே இல்ல. என் மாப்ள கை வச்சா எதுவும் ஓடும் தம்பி."

கோர்பினின் காது சிவந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவனைப் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எந்திரத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினான். அந்தப் புகழ்ச்சியில் ஒரு கணம் மூவருமே இளகி நின்றார்கள். இளைஞன் எந்திரத்தையும் டிரக் கதவிலிருந்த கம்பெனிச் சின்னத்தையும் பார்த்துவிட்டு, "கடவுள் உங்களைப் பாத்துக்கட்டும் ஐயா" என்று சொல்லி முன்னால் நடந்தான்.

இரண்டாம் மாடி அறையில் அதே இளைஞன் சுரங்கக் கம்பெனியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெயர் பென்டன், கம்பெனியின் வக்கீல். வெர்லின் தரப்பு வக்கீல் ரோவீனா பிரைஸ், வயதான அம்மாள், வெர்லினின் கையைத் தட்டிக்கொடுத்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றாள்.

வெர்லின் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சாப்பாட்டுத் தூக்கைப் பற்றிச் சொன்னார். பம்ப்பை அதற்குள் வைத்ததை, சோளரொட்டிக்கும் பம்ப்புக்கும் ஒரே மூடி போட்டதை, இருட்டில் சக மனிதனின் விளக்குகூடத் தெரியாத தூசியை. மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ரோவீனா பிரைஸ் திரும்பி ட்வைலாவைப் பார்த்த பார்வையில், இது நன்றாகப் போகிறது என்பது தெரிந்தது.

பென்டன் எழுந்தான். குரலில் மரியாதை குறையவில்லை.

"அந்தப் பம்ப்ப தூக்குக்குள்ள வச்சது நீங்கதான், இல்லையா ஐயா?"

"ஃபோர்மேன் வைக்கச் சொன்னான். வச்சேன்."

"சுத்தமான காத்துன்னு கையெழுத்தும் போட்டீங்க."

"போடலன்னா வேலை இல்ல."

"அப்ப வேலைக்காக, எழுத்து மூலமா, பொய்."

"ஆமா. பொய்."

"இப்ப சொல்றது?"

"உண்மை."

பென்டன் தலையாட்டினான். "ராத்திரி பகல் ஆக்சிஜன் இல்லாம முடியாதுங்கறீங்க. இன்னைக்கு எப்படி வந்தீங்க?"

"டிரக்ல. மெஷின பிளக்ல மாட்டி."

"வழி பூரா ஓடுச்சு. உருளைய தொடவே இல்ல. கீழ என்கிட்ட அப்படித்தான் சொன்னீங்க."

"ஆமா."

பென்டன் நீதிபதியிடம் திரும்பினான். "என்கிட்டயும் அதே டிரக் இருக்கு. கால்பந்து பாக்கப் போறப்ப பீன்ஸ் சட்டியப் பிளக்குல மாட்டிச் சூடா கொண்டுபோகலாம்னு எவ்வளவோ பாத்தேன். வண்டி நகந்தா நூறு வாட்டுக்கு மேல தராது. வழிகாட்டிப் புத்தகத்துலயே போட்டிருக்கு. எத்தனையோ ஞாயித்துக்கிழமை ஆறிப்போன பீன்ஸ்தான் சாப்பிட்டிருக்கேன்." யாரோ சிரித்தார்கள். நீதிபதியின் உதட்டோரமும் அசைந்தது. "இவரோட மெஷின்ல முந்நூத்தம்பது வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அது எப்படி ஓடியிருக்கும் ஐயா?"

வெர்லின் திரும்பினார். அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கோர்பினைப் பார்த்தார்.

கோர்பின் தொப்பியை மடியில் கவிழ்த்து, உள்ளே தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். அதில் படிக்க என்ன இருக்கிறது? ட்வைலா அவன் முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அந்த டிரக்கின் கதவில் இருந்த சின்னமும், அந்தச் சின்னத்துக்கு வேலை கொடுக்கும் சுரங்கக் கம்பெனியும், அந்தக் கம்பெனிக்காக எழுந்து நிற்கும் இந்த இளைஞனும் ஒரே கயிறு என்பது அவளுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. உருளையின் வால்வு அவர் மூச்சுக்கு மூச்சு டிக் டிக் என்றது.

"பதில் சொல்லுங்க மிஸ்டர் எஸ்டெப்" என்றார் நீதிபதி. "வண்டியில யாராவது ஏதாவது மாத்தி வச்சிருந்தா அதையும் சொல்லலாம்."

நீதிபதி வழியைத் திறந்துதான் விட்டிருந்தார். கோர்பின் தலையைத் தூக்கவில்லை.

"யாரும் ஒண்ணும் மாத்தல" என்றார் வெர்லின். "மெஷின் ஓடல. சும்மா வச்சிருந்தேன்."

"அப்ப கீழ நீங்க சொன்னது?"

"பெருமைக்குச் சொன்னேன்."

"மூணு மணி நேரம் ஆக்சிஜன் இல்லாம வந்திருக்கீங்க."

"வந்திருக்கேன்."

"இங்க, ஜட்ஜ் முன்னாடி வந்ததும் உருளைய மாட்டிக்கிட்டீங்க."

ரோவீனா பிரைஸ் பாதி எழுந்தாள். "யோசிச்சுச் சொல்லுங்க வெர்லின்."

"யோசிச்சுட்டேம்மா."

பென்டன் வேறெதுவும் கேட்கவில்லை. நீதிபதி பேனாவை எடுத்து எதையோ எழுதினார். நீளமாக எழுதவில்லை.

நடைவழியில் ரோவீனா பிரைஸ், தீர்ப்பு தபாலில் வரும், சில மாதம் ஆகும் என்றாள். பிறகு கைப்பையைத் தேவையில்லாமல் திறந்து மூடினாள். "ஆனா..." என்று தொடங்கி, முடிக்காமலே அவருடைய கையை மறுபடி தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் எந்திரம் இரைந்துகொண்டு வந்தது. பாதி வழியில் கோர்பினின் போன் அடித்தது. யார்டு மேற்பார்வையாளர். கோர்பின் கேட்டான், "சரி" என்றான், இன்னொரு முறை "சரி" என்றான்.

"என்ன?" என்றாள் ட்வைலா.

"போற வழியில டிரக்க யார்டுல விடணுமாம். எலெக்ட்ரீஷியன் பாப்பானாம். வீட்டுக்குப் போக வேற வண்டி குடுப்பாங்களாம்."

அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் அவன் வண்டியைத் திருப்பிக் கூரைக்கு அடியில் நிறுத்தினான். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார்டுக்குப் பக்கத்துல போய்க் கழட்டேன்" என்றாள் ட்வைலா. "அதுவரைக்குமாவது ஓடட்டும்."

"வண்டி எங்க எவ்வளவு நேரம் நிக்குதுன்னு போன் பண்ணினவனுக்கு ஸ்கிரீன்ல தெரியும். யார்டு வாசல்ல அரை மணி நின்னா ஏன்னு கேப்பான். பங்குல நின்னா கேக்க மாட்டான்."

"அங்க ஒரு வார்த்தை நீ எந்திரிச்சுச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?" அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "அந்தப் பள்ளத்தாக்குல வேற எவன் எனக்கு வேலை குடுப்பான், ட்வைலா? சொல்லு. ஒரு பேரு சொல்லு."

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். ஒரு பெயரும் வரவில்லை. அவன் பக்கம் நியாயமே இல்லாமல் இருந்திருந்தால் அவனை வெறுத்திருக்கலாம். அந்த வசதியும் அவளுக்கு இல்லை.

"மாமா..." என்றான் கோர்பின்.

வெர்லின் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கழட்டு மாப்ள" என்றார். "பொய்யா ஒண்ணு சொன்னேன். நீ அத உண்மையாக்கிடு. ஜட்ஜுக்கும் நிம்மதி, ஆண்டவனுக்கும் நிம்மதி."

ட்வைலா இறங்கி நின்றாள். கோர்பின் இருக்கையைக் கழற்றி ஈரத் தரையில் வைத்தான். தலையை உள்ளே விட்டுப் படுத்தான். மறுபடியும் அதே இரண்டு கால்கள். முன்னிருக்கையிலிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை. அவனுக்கும் அது கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை போல. ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு அப்படியே கிடந்தான். வெட்டிய கம்பியைப் பழையபடி சேர்த்து டேப் சுற்றி, அதன்மேல் புழுதியையும் தேய்த்தான்.

வேலை முடியும்வரை எந்திரம் ஓடாததால், உருளையில் இருந்தது அங்கேயே தீர்ந்தது.

அதன்பிறகு பழைய கதைதான். வண்டி நகர்ந்ததும் எந்திரம் நின்று, கரண்டு போய்விட்டது என்று விட்டுவிட்டுக் கூவும். கொஞ்ச தூரம். அப்பாவின் தலை சாய ஆரம்பிக்கும்போது ஓரம் கட்டி, பார்க்கில் போட்டுக் காத்திருத்தல். உதட்டின் நிறம் திரும்பும்வரை. மறுபடி கொஞ்ச தூரம். மலையேற்றம் வந்தபோது மழை வலுத்து, பகலிலேயே இருட்டிக்கொண்டது. வேகமாக எடுத்தால் குலுங்கி மூச்சு இன்னும் முட்டியது. கோர்பின் நான்கு பக்க விளக்குகளையும் சிமிட்ட விட்டு ஊர்ந்தான். முந்த முடியாத சாலை. பின்னால் ஒவ்வொன்றாக வண்டிகள் சேர்ந்தன, எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், வரிசையாக.

எதிரே வந்த ஒரு கார் ஓரம் கட்டி நின்றது. அடுத்ததும் நின்றது. முதலில் ஏன் என்று ட்வைலாவுக்குப் புரியவில்லை. இரண்டாவது காரில் இருந்தவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்துகொண்டான்.

கோர்பினுக்குப் புரிந்துவிட்டது. விளக்கை அணைக்கக் கையைக் கொண்டுபோனான்.

"இருக்கட்டும்" என்றார் வெர்லின். அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "வேகமா ஓட்டிடாத மாப்ள. மரியாதை பண்றானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எந்திரம் கூவிக்கொண்டிருந்தது. "அப்பா, அடுத்த அகலமான எடத்துல நிறுத்திடலாம்" என்றாள் ட்வைலா. வளைவுக்கு அப்பால் சாலையோரம் ஒரு வண்டி நிற்க இடம் உண்டு. அந்த ஏற்றத்தில் அவர்கள் பக்கம் அது ஒன்றுதான். கோர்பின் வளைவைத் திரும்பினான்.

அந்த இடத்தில் ஒரு நிலக்கரி லாரி ஏற்கெனவே ஒதுங்கி நின்றது. இன்ஜின் அணைந்திருந்தது. ஓட்டுநர் இறங்கி மழையில் நின்றான். வயதான ஆள். முகத்தில் கரி. சுரங்கத் தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சில் அணைத்துத் தலை குனிந்திருந்தான். அவனைத் தாண்டி நிறுத்த ஓர் அடி இடமில்லை. பின்னால் விளக்குகள் நெருங்கி வந்தன.

கோர்பின் ஓட்டிக்கொண்டே போனான்.

தாண்டும்போது வெர்லின், கை பழகிய பழக்கத்தில், தன் தொப்பியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய உதட்டைப் பார்க்காமல் இருக்க ட்வைலா அந்த ஓட்டுநரையே பார்த்தாள். கண்ணாடியில் சிறுத்து மறையும்வரை அவன் தலையை நிமிர்த்தவில்லை.